மருத்துவப் பணியாளர்கள் எத்தனை பேர், எங்கே, எத்தனை காலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர்கள் போதவில்லை, செவிலியர்கள் போதவில்லை என்ற செய்தி வராத நாடு இன்று அநேகமாக இல்லை. போதவில்லை என்பதை யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்? கூடுதலாகக் கல்லூரிகள் திறந்தால் குறை தீர்ந்துவிடுமா? கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர் ஏன் அங்கே நிலைப்பதில்லை? சுகாதாரப் பணியாளர் ஆய்வு என்ற துறை பல பத்தாண்டுகளாக இவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மாணவர்களும் நிர்வாகிகளும் பத்திரிகையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. சிலவற்றுக்கு நான்கு வரி போதும்.

இந்தத் துறை உண்மையில் எதை ஆராய்கிறது?

ஒருவர் படிப்பில் சேர்வது முதல் பணியைவிட்டு விலகுவது வரையிலான பாதை முழுவதையும். எத்தனை பேர் சேர்கிறார்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள், பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வேலை பார்க்கிறார்கள், எந்த ஊரில், அரசிலா தனியாரிலா, எத்தனை ஆண்டுகள், எப்போது எதற்காகப் போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் இதில் அடங்கும். வழங்கல், பயிற்சி, பங்கீடு என்று மூன்றாகப் பிரிப்பது பாடப்புத்தக வசதிக்காகத்தான். நடைமுறையில் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. யாரைச் சேர்க்கிறோம், எங்கே வைத்துப் பயிற்றுவிக்கிறோம் என்பதே பத்தாண்டு கழித்து அவர் எங்கே இருப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அரசுகளோ முதல் கேள்வியான 'எத்தனை பேர்' என்பதிலேயே பணத்தையும் கவனத்தையும் கொட்டிவிடுகின்றன. எண்ணிக்கையை ஒரே அறிவிப்பில் உயர்த்திக் காட்டலாம். மற்றவை அவ்வளவு எளிதாக அறிவிப்புக்குள் அடங்குவதில்லை.

ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறதே?

சொல்லவில்லை. நாடாளுமன்றப் பதில்களிலும் தலையங்கங்களிலும் ஓயாமல் மேற்கோள் காட்டப்படும் இந்த விகிதத்தை அந்த நிறுவனம் பரிந்துரையாக வெளியிட்டதே இல்லை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி உரித்தெடுப்பது கடினம்.

அந்த நிறுவனம் உண்மையில் பயன்படுத்திய அளவுகோல்கள் வேறு. 2006-ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கை, ஆயிரம் பேருக்கு மருத்துவர், செவிலியர், பேறுகாலச் செவிலியர் மூவரையும் சேர்த்து 2.28 பேர் என்ற எல்லையை வைத்தது. பத்தில் எட்டுப் பிரசவங்களையாவது பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ எவ்வளவு பணியாளர்கள் இருக்க வேண்டியிருக்கிறது என்று நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டுப் பெற்ற எண் அது. அதற்குக் கீழே 57 நாடுகள் இருந்தன; அவற்றில் 36 சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகள். சுகாதாரப் பணியாளர்கள் பற்றி 2016-இல் அதே நிறுவனம் வெளியிட்ட உலகளாவிய உத்தி அந்த எல்லையை 4.45 ஆக உயர்த்தியது. அது நீடித்த வளர்ச்சி இலக்குகளோடு தொடர்புடைய 12 குறியீடுகளை வைத்துக் கணக்கிடப்பட்டது.

இரண்டும் நாடுகளை ஒப்பிடுவதற்கான எண்கள்தான். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேரை நியமிப்பது என்று இவற்றைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. மலைப்பகுதியில் சிதறிக் கிடக்கும் ஆயிரம் பேரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஆயிரம் பேரும் ஒன்றல்ல. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இரு எல்லைகளும் செவிலியரையும் சேர்த்தே எண்ணுகின்றன. விவாதம் மருத்துவர்களை மட்டுமே சுற்றிச் சுழல்வது நம் பழக்கதோஷம்.

உலகப் பற்றாக்குறையை ஒருமுறை 1.8 கோடி என்கிறார்கள், ஒருமுறை ஒரு கோடி என்கிறார்கள். எது சரி?

எல்லாமே அந்தந்த நேரத்தின் அனுமானங்களுக்கு உட்பட்டுச் சரி. 2030-இல் 1.8 கோடிப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்பது 2016-இன் மதிப்பீடு. பிறகு பல நாடுகளிலிருந்து மேலான தரவுகள் வந்தன. பயிற்சி இடங்களும் பெருகின. 2022-இல் வெளியான கணக்குப்படி 2020-இல் உலகில் சுமார் 6.5 கோடிப் பணியாளர்கள் இருந்தார்கள், 1.5 கோடிப் பேர் குறைவு. 2030-இல் எண்ணிக்கை 8.4 கோடியாகும், குறை ஒரு கோடியாகச் சுருங்கும். அண்மைய மதிப்பீடு அதைச் சற்று உயர்த்தி 1.1 கோடி என்கிறது.

மொத்தக் குறை சுருங்குகிறது என்று நிம்மதி அடைவதற்கு முன், அது எங்கே சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியிலும் நிலைமை மிக மெதுவாகவே மாறுகிறது. 2006 அறிக்கையில் இடம்பெற்ற ஒரு கணக்கு இன்றும் உறுத்துகிறது: உலக நோய்ச்சுமையில் 24 விழுக்காடு ஆப்பிரிக்காவின் மேல், உலகப் பணியாளர்களில் அங்கே இருந்தவர்கள் 3 விழுக்காடு. நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பதைத் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்ற பெயரில் 1971-இல் எழுதியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். அவர் வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் மருத்துவம் பார்த்தவர்.

தலைகளை எண்ணுவதில் என்ன சிரமம் இருக்கிறது?

ஒவ்வொரு பதிவேடும் வெவ்வேறு ஆட்களை எண்ணுகிறது. மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இறந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், வெளிநாடு போனவர்கள் என எல்லோரும் 'உயிரோடு' இருப்பார்கள், பதிவைப் புதுப்பிக்கச் சொல்லிச் சட்டம் இல்லாவிட்டால். சம்பளப் பட்டியலில் அரசுப் பணியாளர் மட்டும் வருவார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும்.

கடைசியாகச் சொன்னது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவின் 2001 கணக்கெடுப்பு ஓர் உதாரணம். சுதிர் ஆனந்த், விக்டோரியா ஃபேன் இருவரும் அந்தத் தரவைத் துருவி எழுதிய அறிக்கையை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. தம்மை அலோபதி மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57.3 விழுக்காட்டினருக்கு மருத்துவக் கல்வித் தகுதியே இல்லை. 31 விழுக்காட்டினர் பள்ளிக்கல்வியோடு நின்றவர்கள். இவர்களையும் சேர்த்து எண்ணினால் ஒரு நாடு, விட்டுவிட்டு எண்ணினால் வேறொரு நாடு. அதே சமயம், தகுதியில்லாதவர்கள் என்று அடித்துவிட்டால் மக்கள் யாரிடம் போகிறார்கள் என்ற உண்மையும் சேர்ந்தே அழிந்துவிடும். ஆகவே இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்திருப்பதுதான் நேர்மை.

பகுதிநேரப் பணி இன்னொரு சிக்கல். வாரத்தில் மூன்று நாள் வருபவரும் ஆறு நாள் வருபவரும் பட்டியலில் ஒவ்வொருவர்தான். அதனால்தான் தலைக்கணக்கோடு, முழுநேரப் பணிக்குச் சமமான கணக்கையும் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

ஒரு மருத்துவமனைக்கு எத்தனை பேர் தேவை என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பழைய வழி, படுக்கைக்கு இத்தனை பேர், மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று விதித்துவிடுவது. ஒரு நாளில் இருபது பிரசவம் பார்க்கும் நிலையத்துக்கும் வாரத்தில் இரண்டு பார்க்கும் நிலையத்துக்கும் ஒரே பணியிட எண்ணிக்கையை வழங்கும் விசித்திரம் இதிலிருந்து வருவதுதான். இதற்கு மாற்றாக உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த பணிச்சுமை முறை 1998-இல் வந்து 2010-இல் திருத்தப்பட்டது. அடிப்படை எளிது. ஒருவர் ஆண்டில் உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைப்பார், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் தேவை, அந்த வேலை ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 நாள். விடுப்பு, பண்டிகை, உடல்நலக் குறைவு, பயிற்சி வகுப்பு என்று 45 நாளைக் கழித்தால் 215. நாளுக்கு 7 மணி நேரம் வைத்தால் 1,505 மணி. ஒரு கர்ப்பகாலப் பரிசோதனைக்கு 20 நிமிடம். ஆண்டுக்கு 12,000 பரிசோதனைகள் என்றால் 4,000 மணி நேரம். ஆக 2.7 பேர் வேண்டும். பதிவேடு எழுதுவதும் கூட்டங்களும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைத் தின்கின்றன என்றால் 3.3 பேர். இருப்பதோ இரண்டே பேர். அப்படியானால் 20 நிமிடப் பரிசோதனை எங்கோ 12 நிமிடமாகியிருக்கிறது.

இந்த முறையின் பலவீனமும் இதே கணக்கில் தெரிகிறது. வந்தவர்களை மட்டுமே இது எண்ணும். ஆள் இல்லை என்று தெரிந்து வராமலே இருந்துவிட்ட கர்ப்பிணிகளை எண்ணாது. கூட்டம் குறைவான நிலையத்தில் பணியாளர் அதிகம் என்று காகிதத்தில் வரும். கூட்டம் ஏன் குறைந்தது என்று யாராவது தனியே கேட்க வேண்டும்.

இருபதாண்டு முன்கணிப்புகளை நம்பலாமா?

நம்புவதற்கு அல்ல, விவாதிப்பதற்கு அவை வேண்டும். அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். அரசு அமைத்த பட்டதாரி மருத்துவக் கல்வி ஆலோசனைக் குழு 1980-இல் சொன்னது: 1990-இல் 70,000 மருத்துவர்கள் உபரியாக இருப்பார்கள், 2000-இல் 1,45,000 பேர். 'உபரி' என்ற எண்ணம் இருபது ஆண்டுகள் கோலோச்சியது. 1997-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிதியில் நடக்கும் முதுநிலைப் பயிற்சி இடங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. 2005-இல் இன்னொரு அரசு ஆலோசனைக் குழு கணக்குப் போட்டபோது விடை தலைகீழானது: 2020-இல் சுமார் 85,000 மருத்துவர்கள் குறைவாக இருப்பார்கள்! உச்சவரம்பு மட்டும் அப்படியே நின்றது. 2020 டிசம்பரில்தான் புதிதாக ஆயிரம் இடங்களுக்கு நிதி ஒதுக்கிச் சட்டம் வந்தது.

கணித மாதிரியைக் குறை சொல்லிப் பயனில்லை. மக்களின் வயது, வருமானம், காப்பீட்டு முறை, மருத்துவத் தொழில்நுட்பம், மருத்துவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க விரும்புகிறார்கள் என எல்லாமே ஒரே சமயத்தில் நகர்கின்றன. கணிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே போவதுதான் வழி. நெதர்லாந்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு 1999 முதல் இயங்குகிறது. பயிற்சி இடங்கள் எத்தனை வேண்டும் என்று குறிப்பிட்ட இடைவெளிகளில் அரசுக்குப் பரிந்துரைக்கிறது; அடுத்த சுற்றில் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்கிறது. சிறு சிறு திருத்தங்கள். தலைப்புச் செய்தி ஆகாது, வேலை நடக்கும்.

மருத்துவர்கள் அதிகமானால், நகரத்தில் இடமில்லாமல் தாமாகவே சிற்றூர்களுக்குப் பரவ மாட்டார்களா?

ஓரளவு பரவுவார்கள். ஜோசப் நியூஹவுஸும் அவருடைய சகாக்களும் 1970-களின் அமெரிக்கத் தரவை வைத்து 1980-களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார்கள். மருத்துவர் எண்ணிக்கை பெருகப் பெருக, முன்பு சிறப்பு மருத்துவர் இல்லாத சிறு நகரங்களிலும் அவர்கள் கடை விரித்தார்கள். சந்தை தன் வேலையைச் செய்கிறது என்று வாதிடுவோருக்கு இது இன்றும் முக்கியச் சான்று.

ஆனால் பரவியது சிறு நகரம் வரைதான். வருமானம் ஈட்டக்கூடிய நோயாளிகள் உள்ள இடம்வரை மருத்துவர் போவார். நோயாளியிடம் பணமே இல்லாத இடத்துக்குச் சந்தை ஏன் அனுப்பப்போகிறது? தவிர, மருத்துவத்தில் வழங்கல் பெருகினால் தேவையும் சேர்ந்து வீங்கும். நகரத்திலேயே கூடுதல் பரிசோதனை, கூடுதல் வருகை, கூடுதல் அறுவை என்று இடம் கண்டுபிடித்துக்கொள்ள முடியும். சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும் என்று காத்திருப்பது ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாத பொறுமை.

சேர்க்கை இடங்களை ஒரேயடியாக உயர்த்தினால் என்ன?

தென்கொரிய அரசு 2024 பிப்ரவரியில் அதைத்தான் செய்ய முயன்றது. ஆண்டுக்கு 3,058 ஆக இருந்த மருத்துவக் கல்லூரி இடங்களில் 2,000-த்தைக் கூட்டப்போவதாக அறிவித்தது. பயிற்சி மருத்துவர்களில் பெரும்பாலோர் பணியைவிட்டு வெளியேறினார்கள். பெரிய மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஓராண்டுக்கு மேல் இழுபறி. 2026-க்கான சேர்க்கை மீண்டும் 3,058-க்கே திரும்பியது.

மருத்துவர்கள் தம் வருமானத்தைக் காக்கத்தான் எதிர்த்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கூடுதல் இடம் வந்தாலும் குழந்தை மருத்துவமும் அவசர சிகிச்சையும் ஆளின்றியே கிடக்கும், அழகியல் சிகிச்சைதான் பெருகும் என்ற அவர்களுடைய வாதத்திலும் உண்மை இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் உயர்த்தி, பணி நிலைமையையும் கட்டண அமைப்பையும் தொடாமல் விட்டால் இந்த மோதல் எங்கும் வரும். கல்லூரி இடத்துக்கு அடுத்த குறுகிய வாசல் முதுநிலைப் பயிற்சி இடம். முதலாவதை அகலப்படுத்தி இரண்டாவதை விட்டுவிட்டால், படித்து முடித்தவர்கள் நடுவழியில் தேங்குவார்கள்.

அப்படியானால் கிராமத்தில் நிலைத்து நிற்பவர் யார்?

இந்தத் துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பதில் இதற்குத்தான் இருக்கிறது: பெரும்பாலும், அங்கேயே வளர்ந்தவர்.

ஜப்பானில் 1972-இல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 47 மாகாணங்களிலிருந்தும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறது. படிப்புச் செலவு கடனாகத் தரப்படும். சொந்த மாகாணத்துக்குத் திரும்பி, சுமார் ஒன்பது ஆண்டுகள், அதில் ஒரு பகுதி கிராமப்புறத்தில், பணியாற்றினால் கடன் தள்ளுபடி. இங்கே படித்தவர்கள் கிராமப்புறத்தில் பணிபுரியும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் நான்கு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி 1974-இல் ஒரு சிறு திட்டம் தொடங்கியது. கிராமத்தில் வளர்ந்து, குடும்ப மருத்துவராக விரும்புபவர்களுக்குச் சேர்க்கையில் தனி இடம். ஹோவர்ட் ராபினோவிட்ஸ் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதினார். மாநிலத்தின் ஏழு மருத்துவக் கல்லூரிகளில் தேறியவர்களில் இத்திட்டத்தினர் ஒரு விழுக்காடுதான். அந்தக் கல்லூரிகளிலிருந்து கிராமப்புறக் குடும்ப மருத்துவரானவர்களில் அவர்கள் 21 விழுக்காடு. பாடத்திட்டத்தைவிட, உள்ளே வந்தவர் யார் என்பதே அதிகம் பேசியது.

பிலிப்பீன்ஸில் லெய்தே தீவில் 1976-இல் தொடங்கிய சுகாதார அறிவியல் பள்ளி இன்னும் துணிச்சலானது. சமூகமே தேர்ந்தெடுத்து அனுப்பும் மாணவர் முதலில் பேறுகாலப் பணியாளராகப் பயில்கிறார், ஊருக்குத் திரும்பி வேலை பார்க்கிறார், ஊர் மீண்டும் பரிந்துரைத்தால் செவிலியராகிறார், பிறகு மருத்துவர். ஒவ்வொரு படியிலும் இறங்கிப் பணியில் நின்றுவிடலாம். மதிப்பெண் பட்டியலின் உச்சியிலிருந்து மட்டுமே ஆள் எடுக்கும் அமைப்புகளுக்கு இது கலப்படமாகத் தெரியும். நுழைவுத்தேர்வு எதை அளக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தத் திட்டங்களில் சேர்பவர்கள் ஏற்கெனவே கிராமத்துக்குப் போக விரும்பியவர்கள். திட்டம் அவர்களை மாற்றியதா, பொறுக்கி எடுத்ததா என்று பிரித்தறிவது கடினம். பொறுக்கி எடுத்திருந்தாலும் அது ஒரு பயன்தான் என்பது என் கட்சி.

கட்டாயச் சேவை, பிணைப்பத்திரம் இவை பலன் தருகின்றனவா?

காலியிடத்தை நிரப்பும், ஆளை நிலைநிறுத்தாது. சுமார் 70 நாடுகள் ஏதோ ஒரு வடிவத்தில் கட்டாயச் சேவையை முயன்றிருப்பதாக 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. தாய்லாந்தில் புதிய மருத்துவர்கள் மூன்று ஆண்டு அரசுப் பணியாற்ற வேண்டும் என்ற விதி 1960-களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது; மீறினால் நான்கு லட்சம் பாட் தண்டம். தனியார் மருத்துவமனைகள் பெருகியபோது தண்டத்தைக் கட்டிவிட்டு விலகுவது பலருக்குக் கைக்கெட்டும் தொகையாகிவிட்டது. ஆனாலும் மாவட்ட மருத்துவமனைகள் ஆளின்றி மூடிக் கிடக்காமல் காத்ததில் அந்த விதிக்குப் பங்கு உண்டு. தாய்லாந்து அதோடு நிற்கவில்லை. 1990-களில் கிராமப்புற மாணவர்களைச் சேர்த்து மாகாண மருத்துவமனைகளிலேயே பயிற்றுவிக்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது.

உதவித்தொகைக்கு ஈடாகச் சேவை என்ற வகைத் திட்டங்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்த 2009 ஆய்வு ஒன்றின் முடிவு சுவையானது. அவற்றில் சேர்ந்தவர்கள் நீண்ட காலம் வசதி குறைந்த பகுதிகளிலேயே வேலை செய்கிறார்கள், ஆனால் முதலில் அனுப்பப்பட்ட அதே ஊரில் நிற்பது குறைவு. ஊரின் பார்வையில் தோல்வி, நாட்டின் பார்வையில் வெற்றி. எந்த நாற்காலியிலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் 'வெற்றி விகிதம்' பேசக்கூடாது.

சம்பளத்தைக் கூட்டினால் போதாதா?

மலாவி 2004-இல் தொடங்கிய அவசர மனிதவளத் திட்டத்தில், முன்னுரிமைப் பிரிவுகளுக்குச் சம்பளத்தின் மேல் 52 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தது. பயிற்சி இடங்களையும் விரிவாக்கியது. ஆயிரம் பேருக்கு 0.87 ஆக இருந்த பணியாளர் அடர்த்தி 2009-இல் 1.44 ஆனது. பணம் வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சான்று. வெளிநாட்டு நன்கொடையில் ஓடிய திட்டம் என்பதையும் மறக்கக்கூடாது.

எவ்வளவு பணத்துக்கு எவ்வளவு பலன் என்று அறிய, ஆய்வாளர்கள் பணியாளர்களிடம் இரண்டு கற்பனை வேலைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒன்றில் சம்பளம் அதிகம், குடியிருப்பு இல்லை. இன்னொன்றில் சம்பளம் குறைவு, முதுநிலைப் படிப்பில் முன்னுரிமை உண்டு. இப்படி நூற்றுக்கணக்கான தேர்வுகளைத் திரட்டினால் எதற்கு எவ்வளவு மதிப்பு வைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பல நாடுகளில் மேற்படிப்பு வாய்ப்பும் வீட்டு வசதியும் வேலை செய்யும் கருவிகளும் சம்பள உயர்வுக்குச் சமமாக நிற்கின்றன. சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல என்பது இம்முறைக்குள்ள நிரந்தரக் குறை.

மருத்துவர் அல்லாதவர்கள் அறுவை சிகிச்சை செய்வது ஆபத்தில்லையா?

மொசாம்பிக்கிடம் கேளுங்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1984-இல், அனுபவமுள்ள சுகாதாரப் பணியாளர்களுக்கு மூன்றாண்டு அறுவைப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். இவர்களும் மருத்துவர்களும் செய்த சிசேரியன்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் விளைவுகளில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் 2007-இல் வந்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. மாவட்ட மருத்துவமனைகளின் பெரிய மகப்பேறு அறுவைகளில் 92 விழுக்காட்டை இவர்களே செய்திருந்தார்கள். மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட இவர்களில் 88 விழுக்காட்டினர் ஏழாண்டு கழித்தும் அங்கேயே இருந்தார்கள். மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை.

இவர்களுடைய பட்டம் பெருநகரத்திலோ வெளிநாட்டிலோ செல்லாது என்பதும் நிலைப்புக்கு ஒரு காரணம். அது நாட்டுக்கு வசதி. அந்த மனிதருக்கு முட்டுச்சந்து. பதவி உயர்வும் ஊதியமும் மேற்பார்வையும் இல்லாமல் வேலையை மட்டும் கீழே தள்ளினால் அது பணிப்பகிர்வு ஆகாது, சுரண்டல். ஊர்களில் வீடு வீடாகச் சென்று சுகாதார உதவி செய்யும் பத்து லட்சம் ஆஷா பணியாளர்களை 'தன்னார்வலர்' என்றே அழைத்து, வேலைக்கு வேலை ஊக்கத்தொகை தரும் இந்தியாவிலும் இந்தக் கேள்வி தீரவில்லை.

செவிலியர் எண்ணிக்கைக்கும் நோயாளிகள் இறப்பதற்கும் தொடர்பு இருப்பது உண்மையா?

லிண்டா ஐக்கன் குழு 2002-இல் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் கண்டது: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7. பணக்கார மருத்துவமனையில் செவிலியரும் அதிகம், மற்ற வசதியும் அதிகம், எனவே காரணம் எது என்று சந்தேகப்பட இடமிருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் 27 அரசு மருத்துவமனைகளில் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள் என்ற விகிதத்தைச் சட்டமாக்கியபோது முன்னும் பின்னும் ஒப்பிட வழி கிடைத்தது. சட்டம் பொருந்தாத மருத்துவமனைகளில் இறப்பு வாய்ப்பு அவ்வளவாக மாறவில்லை. பொருந்தியவற்றில் 11 விழுக்காடு குறைந்தது. மறுசேர்க்கையும் படுக்கை நாட்களும் குறைந்ததால் மிஞ்சிய தொகை, கூடுதல் செவிலியர் செலவைவிட இரு மடங்குக்கும் மேல்.

ஆள் இல்லை என்கிறார்கள். படித்தவர்கள் வேலையின்றியும் இருக்கிறார்கள். எப்படி?

நோயாளிகளின் தேவை ஒன்று. அரசு அனுமதித்த பணியிடம் வேறு. அந்தப் பணியிடத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் வேலையற்ற செவிலியர்கள் நிற்கிறார்கள். இங்கே இன்னும் கல்லூரி திறப்பது பள்ளத்தில் ஆட்களைக் கூட்டும், அவ்வளவுதான்.

வெளிநாடு செல்வதைத் தடுக்க முடியுமா?

தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் ஆள் எடுப்பவரின் கையைக் கட்டலாம். 2010 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் ஏற்ற நடத்தைக் கோவை, கடும் பற்றாக்குறை உள்ள நாடுகளில் திட்டமிட்டு ஆள் திரட்டாதீர்கள் என்கிறது. தனிமனிதர் தாமாக விண்ணப்பிப்பதை அது தடுக்கவில்லை. விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை ஆவணம் என்பதால் பல் இல்லை. அப்படி ஆள் திரட்டக் கூடாத நாடுகளின் பாதுகாப்புப் பட்டியலில் 2023-இல் 55 நாடுகள் இருந்தன. உலகச் செவிலியர்களில் ஏழில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். செல்வந்த நாடுகளில் 23 விழுக்காடு. தம் தேவைக்குத் தாமே பயிற்றுவிக்காத செல்வந்த நாடுகளுக்கு, இன்னொருவர் வரிப்பணத்தில் படித்த செவிலியர் மலிவான தீர்வு. இழப்பீடு பற்றிய பேச்சு மேடைகளில் நடக்கிறது. காசோலை எழுதப்படுவது அபூர்வம்.

பணியிடம் நிரம்பிவிட்டால் பிரச்சினை முடிந்ததா?

வங்கதேசம், ஈக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சராசரியாக 35 விழுக்காட்டுப் பணியாளர்கள் இல்லை. சோம்பல் என்று கடந்துபோவது எளிது. கூட்டம், பயிற்சி, மேலதிகாரி அழைப்பு, தனியார் மருத்துவமனையில் இரண்டாவது வேலை, போக்குவரத்தின்மை எனக் காரணங்கள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. விரல்ரேகைக் கருவி இவற்றில் ஒன்றிரண்டைத்தான் தொடும்.

பங்கீடு நியாயமாக இருக்கிறதா என்று அளக்க வழி உண்டா?

வருமான ஏற்றத்தாழ்வுக்குப் பயன்படும் கினி குறியீட்டையே மாவட்ட வாரியான மருத்துவர் எண்ணிக்கைக்கும் போடலாம். மாவட்ட எல்லையில் வசிப்பவர் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதை அது காணாது. 2003-இல் லுவோ, வாங் இருவரும் முன்வைத்த முறை இதைச் சரிசெய்கிறது. முதலில் ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் அரை மணி நேரப் பயணத்துக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று பார்த்து விகிதம் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஊரிலிருந்தும் அரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய மருத்துவமனைகளின் விகிதங்களைக் கூட்ட வேண்டும். வரைபடத்தில் போட்டால் நிர்வாக எல்லைகள் மறைந்து, உண்மையான வெற்றிடங்கள் தெரியும். சொந்த வாகனம் இருப்பவரின் அரை மணி நேரமும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் அரை மணி நேரமும் வேறு என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நான் மாணவன். சிறிய அளவில் எதை ஆராயலாம்?

ஒரே ஒரு பயிற்சி நிறுவனத்தில், பத்தாண்டுக்கு முன் தேறிய ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இன்று எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள், முதல் பணியிடத்தைவிட்டு எப்போது விலகினார்கள், ஏன் என்று தேடுங்கள். எங்கே வளர்ந்தவர்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள். தம் பட்டதாரிகள் எங்கே போனார்கள் என்று பெரும்பாலான நிறுவனங்களுக்கே தெரியாது. ஆகவே சிறிய ஆய்வும் புதிய செய்தி தரும்.

பணியில் இருப்பவர்களை மட்டும் பேட்டி கண்டு 'நிலைத்திருப்பதன் காரணங்கள்' என்று எழுதிவிடாதீர்கள். விலகியவர்களும் அதே காரணங்களைச் சொல்லிக்கொண்டே விலகியிருக்கக்கூடும். இருப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சம்பளப் பட்டியல் போதும். போனவர்களைத் தேடத்தான் காலம் பிடிக்கும். ஆய்வுக்குக் கிடைத்த நேரத்தில் பாதியை அதற்கென்றே முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.